பழைய சிடி பிளேயரில் 14,500 ரூபாய் போச்சு. சேலத்துக்காரர்களே, முதல் பாட்டை மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள்

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்குத்தான், குகைப் பக்கம் இருக்கும் ரேடியோ மெக்கானிக் ஐயா அந்த செட்டைத் திறந்து என் கண்ணெதிரே காட்டினார். அப்போது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. 14,500 ரூபாய். சீட்டு எடுத்து வைத்திருந்த பணம். வீட்டில் பாட்டுக் கேட்க ஒரு சிடி பிளேயரை எப்படிப் பார்த்து வாங்குவது என்று நிதானமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு 78 வயது. நாதஸ்வரம் என்றால் உயிர். ராஜரத்தினம் பிள்ளை, காருகுறிச்சி அருணாசலம் என்று ஏறக்குறைய 140 சிடி வைத்திருக்கிறார். அதில் இருபத்தைந்து வீட்டிலேயே எழுதியவை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு அவரே பதிந்த கேசட்டுகளை, 2006இல் தம்பி கம்ப்யூட்டரில் ஏற்றி சிடியாக எழுதிக் கொடுத்தான். அந்தக் கேசட்டுகள் இப்போது இல்லை, பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. போனில் போட்டுக் கொடுத்தால் அவருக்கு ஒத்துவராது. தோடி ஆலாபனை நடுவில் விளம்பரம் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அவருக்குத் தேவை ஒரு தட்டு, ஒரு பட்டன், அவ்வளவுதான்.

இருந்த பிளேயர் பொங்கலுக்கு முன்னால் நின்றுபோனது. புதிதாக நல்ல கம்பெனி சிடி பிளேயர் வாங்கலாம் என்றால் விலை என் கைக்கு எட்டவில்லை. டிவிடி பிளேயரிலும் சிடி ஓடும், ஆனால் எங்களிடம் இருந்ததில் எத்தனையாவது பாட்டு ஓடுகிறது என்று பார்க்க டிவியைப் போட வேண்டும். அப்பாவால் ஆகாது. அதனால்தான் பழைய ஆடியோ சாமான் வாங்கி விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். பெயர் எழுதப் போவதில்லை. இறக்குமதியான பழைய ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், டெக் எல்லாம் கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருக்கும் மாதிரி கடை.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். முதலில் 16,500 சொன்னார். "வீட்ல யாருக்குங்க மேடம்?" என்று கேட்டார். அப்பாவுக்கு, நாதஸ்வரம் கேட்பார் என்றேன். சட்டென்று குரலே மாறிவிட்டது. "எங்கப்பாவும் திண்ணைல உக்காந்து நாயனம்தான் கேப்பாருங்க. அவரு போய் மூணு வருஷம் ஆச்சு. அப்பாவுக்குன்னு சொல்லிட்டீங்க, உங்ககிட்ட லாபம் பாக்க மாட்டேன். 14,500 குடுங்க, டிரான்ஸ்ஃபார்மரும் சேத்து." அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். அதுவரை பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் வாங்கிக் கொடுத்த டீயையும் குடித்தேன்.

ஜப்பான் செட். கறுப்பு, முன்பக்கம் அலுமினியம், ஒரு கீறல் கிடையாது. அங்கே வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், நமக்கு 230. அதனால் இறக்கிக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. அதை அவர் மறைக்கவில்லை, அவராகவே சொன்னார். இதுவும் என்னை நம்ப வைத்தது.

அவருடைய டிஸ்க் ஒன்றைப் போட்டார். கண்ணாடி மாதிரி புத்தம் புது டிஸ்க். முதல் பாட்டு ஒரு நிமிடம், இரண்டாவது ஒரு நிமிடம். சத்தம் அவ்வளவு சுத்தமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். என் பையில் அப்பாவின் ஆடித் திருவிழா சிடி ஒன்று இருந்தது. எடுத்து நீட்டினேன். "அது வீட்ல எழுதுனதுங்க மேடம், டெமோவுக்கு நம்ம டிஸ்க்தான் கரெக்ட்" என்று சொல்லிக்கொண்டே செட்டை அணைத்து ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். அந்த ஒரு நொடியில் நான் "இல்லைங்க, இதையும் போட்டுக் காட்டுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி வரும், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். விசிட்டிங் கார்டின் பின்னால் தேதி போட்டு "டெஸ்டட் ஓகே, 3 மாதம்" என்று எழுதிக் கொடுத்தார். பணத்தை ஜிபேயில் அனுப்பச் சொன்னார். அதில் வந்த பெயர் கடைப் பெயர் இல்லை, அவர் பெயரும் இல்லை. கேட்டதற்கு மச்சான் நம்பர் என்றார். 14,500 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

பன்னிரண்டு நாள் நன்றாக ஓடியது. பதின்மூன்றாம் நாள் அப்பா என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, டிஸ்க்கெல்லாம் நான்தான் பாழாக்கிட்டேன் போலிருக்கு" என்றார். பாட்டு டக் டக்கென்று தாவியிருக்கிறது. தன் கை நடுக்கத்தில் கீறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் ஸ்கூல் ஆபீஸிலிருந்து வந்து பார்க்கிறேன், கூடத்தில் வேட்டியை விரித்து நாற்பது, ஐம்பது சிடியைப் பரப்பி, ஒவ்வொன்றாக ஈரத்துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அப்படித் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகக் கீறல் விழுந்தால் அது பாட்டு ஓடும் தடத்தோடு சேர்ந்து விழும், செட்டால் தாண்ட முடியாது. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எவனோ செய்த பித்தலாட்டத்துக்கு எங்கப்பா தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 14,500 ரூபாயை விட எனக்கு இதுதான் தாங்கவில்லை.

கடைக்குப் போன் பண்ணினேன். முதல் நாள், "டிஸ்க்ல கோடு இருக்கும் மேடம்." இரண்டாம் நாள், "லென்ஸ் கிளீனர் வாங்கிப் போடுங்க." அதற்கு 250 ரூபாய் தனியாகப் போனது. அந்த வாரக் கடைசியில் ஒரு டிஸ்க்கையும் படிக்காமல் திரையில் எர்ரர் என்று நின்றுவிட்டது. அம்மாபேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் காலுக்கு நடுவே செட்டையும் அந்த இரும்புக் குண்டு மாதிரி டிரான்ஸ்ஃபார்மரையும் வைத்துக்கொண்டு போனேன். "மெக்கானிக் ஏற்காட்டுல ஒரு ரிசார்ட் வேலைக்குப் போயிருக்காரு, செவ்வாய்க்கிழமை வாங்க." செவ்வாய்க்கிழமை போனால் வியாழக்கிழமை. வியாழக்கிழமை கடைப் பையன் மட்டும் இருந்தான், "அண்ணன் சாப்பிடப் போயிருக்காரு" என்றான். ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றேன். அண்ணன் வரவே இல்லை.

கடைசியாக நேரில் பிடித்தபோது, டீ வாங்கிக் கொடுத்த அதே மனிதர், "நீங்க டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம நேரா பிளக்ல சொருகியிருப்பீங்க" என்றார். கார்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கடை சீல் எங்கங்க இருக்கு?" என்றார். எங்கப்பாவும் நாயனம் கேட்பார் என்று சொன்ன வாய் அது.

குகை மெக்கானிக் ஐயா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நேரா 230இல் சொருகியிருந்தால் உள்ளே ஃபியூஸ் போயிருக்கும், செட்டுக்குள்ளேயே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் கருகியிருக்கும், பாட்டு தாவிக்கொண்டு இருக்காது. இது வேறு. டிஸ்க்கைப் படிக்கும் லேசருக்கு வயசாகி வெளிச்சம் குறைந்துவிட்டது. அந்த லென்ஸ் கட்டையின் பக்கத்தில் மிளகு அளவில் பிரீசெட் என்று ஒரு குட்டித் திருகு இருக்கிறது. அதைத் திருகினால் லேசருக்குக் கரண்ட் ஏறும். சாகக் கிடக்கிற லேசர்கூடக் கொஞ்ச நாள் பளிச்சென்று படிக்கும், பிறகு ஒரேயடியாகப் போய்விடும். டார்ச் அடித்துக் காட்டினார். சுற்றிலும் வருஷக்கணக்கான தூசி, பிரீசெட்டின் பிளவு மட்டும் ஸ்க்ரூ டிரைவர் பட்டுப் புதுசாக மின்னியது. "சந்தைக்கு ஓட்டிட்டுப் போற மாட்டை ரெண்டு வேளை கறக்காம மடி கனக்கக் காட்டுவாங்கல்லம்மா, அதேதான் இது" என்றார்.

என் டிஸ்க்கை அன்று ஏன் போட விடவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. வீட்டில் எழுதிய டிஸ்க் கம்பெனி டிஸ்க் அளவுக்கு வெளிச்சத்தைத் திருப்பாது. பலவீனமான லேசர் முதலில் திணறுவது அதில்தான். முதல் இரண்டு பாட்டை மட்டும் போட்டதற்கும் காரணம் இருக்கிறது. சிடி உள்ளேயிருந்து வெளியே ஓடும். முதல் பாட்டு நடுவில், கடைசிப் பாட்டு ஓரத்தில். ஓரத்துக்குப் போகப் போகத் தட்டின் ஆட்டம் அதிகம், தேய்ந்த செட் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

நிதானமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனசு இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் டிஸ்க்கைக் கொண்டு போங்கள், வீட்டில் எழுதியது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள், அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். செட்டுக்குப் பின்னால் எத்தனை வோல்ட் என்று படியுங்கள். உள்ளே என்ன பிக்அப் (லேசரும் லென்ஸும் சேர்ந்த அந்தக் கட்டை), அது இப்போது கிடைக்குமா என்று கேளுங்கள். சோனியின் கேஎஸ்எஸ் 213 மாதிரி பல கம்பெனி செட்டிலும் இருப்பது என்றால் மாற்றிக்கொள்ளலாம், எங்களுடையது அது இல்லை. பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வேறு பெயருக்கு ஜிபே வேண்டவே வேண்டாம்.

இன்று காலை நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்துவிட்டேன். கையில் இருப்பது 14,500 ரூபாய் போன ஜிபே ரசீதும் அந்த விசிட்டிங் கார்டும்தான். மெக்கானிக் ஐயாவிடம் ஒரு தாளில் எழுதி வாங்கப் போகிறேன். பழைய ஜப்பான் செட்டுக்கு பிக்அப் கிடைக்கும் இடம் சேலத்திலோ ஈரோட்டிலோ தெரிந்தால் சொல்லுங்கள். ஆடி பிறப்பதற்குள் அப்பாவுக்கு அந்தத் திருவிழா சிடியைப் போட்டுக் காட்ட வேண்டும்.