செங்குறிஞ்சிப் படம் தேடி ஆறு வருடம்

செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி மலையேறினால் ஆரியங்காவு. அதற்கும் அப்பால் செந்துருணி வனவிலங்கு சரணாலயம். 1984இல் அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டுக்குப் பெயர் வந்ததே செங்குறிஞ்சி மரத்தால்தான். தாவரவியல் பெயர் க்ளூட்டா டிராவன்கோரிகா. மாமரக் குடும்பம், தென்கோடி மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய மரம். என் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம். ஆனால் அதன் நல்ல படம் ஒன்றை என் ஆய்வேட்டுக்காக இணையத்தில் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு பெரிய கதை.

நேரில் போய் எடுத்திருக்கலாமே என்பீர்கள். காட்டுக்குள் போக அனுமதி வேண்டும், மரம் பூக்கும் காலம் வாய்க்க வேண்டும், பூவோ அண்ணாந்து பார்க்கும் உயரத்தில். முதல் வருடம் இணையம்தான் கதி.

தமிழில் ‘செங்குறிஞ்சி’ என்று தட்டினேன். வந்ததெல்லாம் மூணாறு மலைச்சரிவில் பூக்கும் நீலக்குறிஞ்சி. பெயரில் குறிஞ்சி இருப்பதைத் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்புறம் ஆங்கிலத்தில் தேடி, ஏதோ ஒரு சுற்றுலாப் பக்கத்தில் கிடைத்த படத்தை ரைட் கிளிக் செய்து சேமித்தேன். தென்காசியில் பிரிண்ட் போடக் கொடுத்தபோது கடைக்கார அண்ணாச்சி தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது மரமா, அவியலா?” என்றார். அகலம் 320 பிக்சல். அதைப் பாதிப் பக்கத்துக்கு இழுத்திருந்தேன்.

அதைவிடப் பெரிய அடி கல்லூரியில் விழுந்தது. என் ஆய்வு நெறியாளர் மலையாளி. எங்களுக்கு அவர் டீச்சர். படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். “ஆர் எடுத்த படமா இது? எவிடெ வெச்சு?” யார் எடுத்தது, எங்கே வைத்து எடுத்தது. எனக்கு இரண்டும் தெரியாது. டீச்சர் பேனா முனையால் ஒரு கிளையைத் தொட்டுக் காட்டினார். இலைகள் எதிரெதிரே ஜோடி ஜோடியாக இருந்தன. செங்குறிஞ்சிக்கு இலைகள் மாறி மாறி வரும், கிளை நுனியில் நெருங்கி நிற்கும். நான் ஒட்டியிருந்தது வேறு ஏதோ மரம். அந்த இரண்டு கேள்விகளையும் அன்று முதல் ஒவ்வொரு படத்திடமும் கேட்டு வருகிறேன்.

முதலில் பிக்சல் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது புகைப்படங்களுக்கான வழக்கமான அளவு. இதழில் ஒரு பத்தி அகலம், ஏறக்குறைய 8.5 சென்டிமீட்டர் என்றால், 1000 பிக்சல் வேண்டும். பக்கம் முழுக்க 17 சென்டிமீட்டர் என்றால் 2000. கோட்டோவியமாக இருந்தால் 600 புள்ளிக்குக் குறையாமல் கேட்பார்கள். சின்னப் படத்தை மென்பொருளில் பெரிதாக்கினால் பிக்சல் கூடும், இலை நரம்பு கூடாது.

இப்போது என் தேடல் எப்போதும் விக்கிமீடியா காமன்ஸில்தான் தொடங்குகிறது. யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களின் களஞ்சியம் அது. 2004இல் தொடங்கிய தளம், பத்துக் கோடிக்கு மேல் கோப்புகள் இருக்கின்றன. வணிகப் பயன்பாட்டுக்குத் தடை போடும் உரிமத்தை அங்கே ஏற்பதில்லை என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் திரையில் தெரிவது முன்னோட்டப் படம் மட்டுமே, அதை ரைட் கிளிக் செய்தால் திரும்பவும் அவியல்தான். மூலக்கோப்பு என்ற இணைப்பைத் திறந்து இறக்க வேண்டும். இது தெரியாமல் நான் வீணாக்கிய மாதங்களைச் சொன்னால் வெட்கம். தேடும்போது அறிவியல் பெயரைப் போடுங்கள். ஊர்ப்பெயர் என்றால் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், 1949 முதல் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். பழைய பதிவுகளில் ஷென்கோட்டா, டிராவன்கூர் என்றுதான் இருக்கும். குற்றாலத்தைக் கோர்ட்டாலம் என்று தேடினால் ஒரு புது உலகமே திறக்கும்.

உயிருள்ள செடியின் படத்துக்கு ஐநேச்சுரலிஸ்ட், தாங்கள் பார்த்த செடிகொடிகளையும் பிராணிகளையும் யாரும் படத்தோடு பதிந்துவைக்கும் தளம். யார் எடுத்தது, எந்த நாள், எந்த இடம், அடையாளம் சொன்னது யார் என்று எல்லாம் கூடவே வரும். டீச்சரின் கேள்விக்கு நேரடிப் பதில். படத்தின் நீளப்பக்கம் அதிகபட்சம் 2048 பிக்சல், மேலே சொன்ன முழுப்பக்க அகலத்துக்குச் சரியாகப் போதும். ஒரு வேடிக்கை உண்டு. அருகிவரும் இனங்களுக்குச் சரியான இடத்தைக் காட்டாமல், இருபது கிலோமீட்டர் சொச்சம் அகலமுள்ள கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியை வைப்பார்கள். எல்லையோரக்காரர்களுக்கு இதனால் கூத்துதான். புளியரைப் பக்கம் நிற்கும் மரம் வரைபடத்தில் கேரளத்தில் முளைத்திருக்கும். மாவட்டப் பெயரை அந்தப் புள்ளியைப் பார்த்து எழுதிவிடாதீர்கள்.

அந்தத் தளத்தில் இன்னொரு சிக்கல், இயல்பாக வரும் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்காது. ஆய்வேட்டுக்குப் பரவாயில்லை. அதுவே விலைபோட்டு விற்கும் புத்தகமானால் தகராறு. வழி எளிது: எடுத்தவருக்கே எழுதிக் கேட்டேன். இதுவரை ஒன்பது பேர். ஏழு பேர் சரி என்றார்கள், அதில் இரண்டு பேர் கேமராவில் இருந்த மூலப்படத்தையே அனுப்பினார்கள். ஒருவர் மறுத்தார், இன்னொருவரிடமிருந்து பதிலே இல்லை. பதில் இல்லை என்றால் சம்மதம் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் என் மனதைப் பறித்தவை பழைய ஓவியத் தட்டுகள்தான், அதாவது அந்தக்கால நூல்களில் ‘பிளேட்’ என்று வரும் படப் பக்கங்கள். பழைய தாவரவியல், விலங்கியல் நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி தளத்தில், மலபார்ச் செடிகளைப் பற்றிய ஹோர்டுஸ் மலபாரிகுஸ் முழுவதும் இருக்கிறது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த நூல். முதல் தட்டே தென்னை, டெங்கா என்று லத்தீன் எழுத்தில். கூடவே மலையாளம், அரபி, நாகரி எழுத்துகளிலும் பெயர்கள் பொறித்திருப்பார்கள். பஸ் போர்டு பார்த்துக் கற்ற என் மலையாளத்தை வைத்து அந்தப் பழைய எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்த இரவில் ஆய்வு ஒரு வரிகூட நகரவில்லை. தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் ஐகோனெஸ் நூலும் அங்கே உண்டு. 1838 முதல் 1853 வரை வந்த அந்தத் தட்டுகளுக்கு ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள் வரைந்தார்கள். வைட் செடி சேகரித்த இடங்களில் நம் குற்றாலமும் ஒன்று. செங்குறிஞ்சியோ, 1869இல் வெளிவரத் தொடங்கிய, வன அதிகாரி பெடோமின் ஃப்ளோரா சில்வாட்டிகாவில் அகப்பட்டது. இலை மாறி மாறி, நுனியில் நெருங்கி, டீச்சர் பேனாவால் காட்டியது அப்படியே கோடாக. இந்த நூல்களுக்கெல்லாம் பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பக்கத்தை அந்தத் தளத்திலிருந்தே இறக்கலாம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் அதே நூல் பெரும்பாலும் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் இருக்கும், அங்கே ஜேபி2 என்ற உயர்தரப் பட வடிவக் கோப்புகளை எடுங்கள். நூற்றுக்கணக்கான எம்பி வரும். எங்கள் ஊரில் சாரல் காலத்தில் சிக்னல் எப்போது போகும் என்று தெரியாது, நான் ராத்திரியில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன்.

கூகுளை வெறுத்து ஒதுக்கச் சொல்லவில்லை. படத் தேடலில் கருவிகள் என்பதைத் திறந்து, பயன்பாட்டு உரிமையில் கிரியேட்டிவ் காமன்ஸை, அதாவது எடுத்தவரே சில நிபந்தனைகளோடு பயன்படுத்த அனுமதிக்கும் பொது உரிமங்களை, தேர்ந்தால் குப்பை பாதி கழியும். பிறகும் மூலப்பக்கத்துக்குப் போய் உரிமத்தைக் கண்ணால் பார்க்காமல் எடுக்காதீர்கள். அடுத்தவர் படத்தைத் தன் படம்போல ஏற்றிவைப்பவர்கள் நிறைய. சந்தேகம் வந்தால், ஒரு படம் இணையத்தில் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடித்தரும் டின்ஐ தளத்தில் படத்தைப் போட்டுப் பழையது முதலில் என்று வரிசைப்படுத்துங்கள். யார் முதலில் போட்டது என்று ஓரளவு பிடிபடும். அன்ஸ்பிளாஷ், பிக்சாபே போன்ற இலவசப் படத் தளங்கள் எல்லாம் ஸ்லைடின் பின்னணிக்கு அழகு, ஆனால் அங்கே ஒரு செடியின் பெயரை நம்பி நான் எதையும் எழுதமாட்டேன். இப்போது ஏஐ படங்கள் வேறு. போன வருடம் ஒரு மாணவி கொண்டுவந்த ‘செங்குறிஞ்சிப் பூ’வில் இலை நரம்புகள் பாதி வழியில் காணாமல் போயிருந்தன. பார்வைக்கு என்னவோ பிரமாதம்.

உரிமம் எதற்கு, படிப்புக்குத்தானே என்று நானும் கேட்டவன்தான். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் இடம் தருகிறது. ஆனால் ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறியதும் ஊரே பார்க்கும். கட்டுரை என்றால் இன்னும் கறார். ஓர் ஆய்விதழ் என் கட்டுரையைத் திருப்பி அனுப்பியபோது இருந்தது ஒரே குறிப்புதான்: நான்காம் படத்துக்கு அனுமதிக் கடிதம் எங்கே? அதைத் தேடிப் பிடிப்பதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது. இப்போதெல்லாம் படத்தை இறக்கும் அதே நிமிடத்தில் தலைப்பு, எடுத்தவர், இணைய முகவரி, உரிமத்தின் பெயரும் பதிப்பும், இறக்கிய தேதி ஆகியவற்றை ஒரு எக்செல் தாளில் எழுதிவிடுகிறேன். கோப்பின் பெயரையும் மாற்றிவைப்பேன். ‘இமேஜ் 1’ என்ற பெயரில் என் பழைய கணினியில் நாற்பது கோப்புகள் அனாதையாகக் கிடக்கின்றன.

நான்காம் வருடம் அனுமதி கிடைத்துக் காட்டுக்குப் போனேன். வனக் காவலர் ஒருவர் மரத்தடியில் உதிர்ந்து கிடந்த கிளை ஒன்றைக் காட்டினார், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்தேன். நல்லதாக ஆறு படங்களைக் காமன்ஸில் ஏற்றினேன், என் பெயர் போட்டால் போதும் என்ற உரிமத்தில்.

போன மாதம் ஒரு மாணவன் வாட்ஸ்அப்பில் படம் ஒன்றை அனுப்பி, “சார், நல்ல படம், ஆனா யார் எடுத்ததுன்னு தெரியல, போட்டுக்கலாமா?” என்று கேட்டான். மங்கிப்போய், ஓரம் வெட்டப்பட்டு, என் அளவுகோலின் பாதி மட்டும் தெரிந்தது. மூலக்கோப்பின் இணைப்பை அனுப்பினேன்.