85,000 ரூபாய் போச்சுது: சைக்கிளில் அடிபட்ட ஆக்கள் கவனம்

கை நடுங்க நடுங்கத்தான் எழுதுகிறேன். இன்றைக்கு மத்தியானம்தான் எனக்கு முழு விஷயமும் தெரிய வந்தது.

இரண்டு வருடத்துக்கு முதல் வேலை முடிந்து யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியால் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். கரையில் நின்ற வான்காரர் பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தார். ஹாண்டில் கதவில் கொழுவ, நான் தார் ரோட்டில். காறை எலும்பு உடைந்தது. அம்மாவின் பழைய லுமாலா சைக்கிள், முன் றிம் எட்டுப் போட்டமாதிரி வளைந்து கிடந்தது. "நீங்கள் ஏன் கரையால வந்தனீங்கள்?" என்று கேட்டார் அந்த மனுசன். சைக்கிள் பிறகு எதாலயாம் வரும்?

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஒருவர் தேடி வந்தார். விபத்து நட்டஈடு எடுத்துத் தருகிற இடமாம், டவுனில் சின்ன ஒஃபிஸ். எங்கள் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்க அன்றைக்குத் தோன்றவில்லை. கையைத் தொங்கப்போட்ட துணியின் முடிச்சு என் கழுத்தை வெட்டிக்கொண்டிருந்தது. அவர் அம்மாவிடம் பழைய சீலைத் துண்டொன்று கேட்டு வாங்கி, நாலாக மடித்து முடிச்சுக்குக் கீழே வைத்தார். பிறகு காற்சட்டையை இழுத்து முழங்கால் தழும்பைக் காட்டினார். "பிள்ளை, நானும் சைக்கிளில போய் அடிபட்டவன். உங்களுக்குச் சேரவேண்டிய காசை விடாதேங்கோ." வான் கதவில் விழுந்ததைவிட மோசமாக அதில் விழுந்தேன்.

எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்ன சட்டம் பொய்யில்லை. மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த மோட்டார் வாகனமும் ரோட்டில் ஓடக்கூடாது, சைக்கிளில் போய் அடிபட்டவருக்கும் அது உதவும். சாரதியின் கவனயீனம் என்று வழக்கில் காட்டினால் வைத்தியச் செலவு, இழந்த சம்பளம், பட்ட வேதனை எல்லாவற்றுக்கும் நட்டஈடு கேட்கலாம். உரிமை இருக்கிறதுதான், ஆனால் அதை நான் கொடுத்தது யார் கையில்!

முதலில் 60,000. பிறகு "கொழும்புச் செலவு" என்று 25,000. காப்புறுதிக் காசு வரும் என்று கைக்காப்பை அடகு வைத்துக் கட்டினேன். ரசீது கொப்பித் தாளில். அதில் குத்தின சீலில் ஓர் எழுத்தும் வாசிக்க முடியாது. ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்ட், பொலிஸ் என்ட்ரிப் பிரதி, மருந்து பில் எல்லாம் ஒறிஜினலாகவே வாங்கிப் போனார்.

அப்புறம் தொடங்கியது இழுத்தடிப்பு. கோப்பு கொழும்பில நிக்குது. சேர் லீவு. நல்லூர்த் திருவிழா முடியட்டும் பிள்ளை. திருவிழா 25 நாள். முடிந்து இரண்டு மாதமாகியும் அதே கதை. கடைசியாக, "ஒஃபிஸ் மாறேக்க பேப்பர் எங்கேயோ மாறுப்பட்டுட்டுது, பாப்பம்."

இன்றைக்கு உண்மையான சட்டத்தரணி ஒருவரிடம் போனேன். வழக்கே போடப்படவில்லை. காயத்துக்கு நட்டஈடு கேட்டு வழக்குப் போட விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான். எனக்கு அது போன மாதமே முடிந்துவிட்டது. 85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு என் இரண்டு வருடத்தையும் தின்றிருக்கிறார்கள்.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், தலை ஓடவில்லை. சின்னக் காயமென்றாலும் பொலிஸில் என்ட்ரி போடுங்கள். வாகன நம்பரையும் சாரதியின் காப்புறுதி அட்டையையும் படம் எடுங்கள். 1990 நம்பருக்கு அடித்தால் வருகிற அம்புலன்ஸ் இலவசம். ஒறிஜினல் பேப்பர் ஒருவருக்கும் கொடுக்காதீர்கள், வெற்றுத்தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். வீடு தேடி வருகிறவரிடம் சட்டத்தரணியா என்று நேரே கேளுங்கள். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. எனக்கு அது இன்றைக்குத்தான் தெரியும்.

நாளைக்கு பொலிஸுக்குப் போகிறேன். இதே மாதிரி முழங்கால் தழும்பு காட்டி யாரும் காசு வாங்கியிருந்தால் இன்பொக்ஸுக்கு வாருங்கள், தனியப் போனால் எடுபடாது.