'வெளிநாட்டு வெளியீடு' என்று பழைய பாட்டு சீடி விற்கிறவர்களிடம் கவனம்

இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களை, அந்தக் காலத்தில் வெளிநாட்டில் வந்த சீடியாகவே தேடி வாங்குகிறவர்கள் வன்னியில் நிறையப் பேர் இல்லை. இருக்கிற கொஞ்சப் பேரையும் குறிவைத்து ஒருத்தன் முகநூலில் விற்றுக்கொண்டிருக்கிறான். எனக்கு நடந்ததை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் பாட்டுப் பைத்தியம் யாராவது இருந்தால் காட்டுங்கள்.

மல்லாவியில் இருக்கும் என் மாமா, எண்பதுகளில் கிளிநொச்சியில் றெக்கோடிங் பார் வைத்திருந்தவர். இசைத்தட்டிலிருந்து கசற்றுக்குப் பாட்டு ஏற்றிக் கொடுப்பதுதான் தொழில். பிறகு மின்சாரம் இல்லாமல், பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டோமே, அப்போது எங்கள் பக்கத்தில் ஓடிய கசற்றுகளில் பல அவர் பதிந்தவை. 2009இல் எல்லாம் போய்விட்டது. ஓர் இசைத்தட்டுகூட மிஞ்சவில்லை. அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு நல்ல சீடி ஒன்று வாங்கிக் கொடுக்க ஆசைப்பட்டேன்.

முகநூலில் ஒரு பக்கம், கொழும்புத் தொலைபேசி இலக்கம். 1991இல் லண்டனில் வெளிவந்த சீடி, இரண்டு படங்களின் பாடல்கள், இந்தியக் கசற்றில் வராத ஒரு பாட்டும் சேர்த்து என்று போட்டிருந்தது. விலை 14,500 ரூபா. பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "சீல் உடைக்கேலாது அண்ணை" என்று முன் அட்டையின் படத்தையே திரும்ப அனுப்பினான். பொதியைக் கொண்டுவந்த கூரியர் பெடியன் காசு தந்தால்தான் பிரிக்கலாம் என்றான். அது அவர்களுடைய விதி, அவனைக் குறை சொல்ல முடியாது.

மாமா சீடியைக் கையில் எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் கவிழ்த்துப் பிடித்தார். பாட்டுப் போடுவதற்கு முதலே, "இது றைற் பண்ணின சீடி, தம்பி" என்றார். தொழிற்சாலையில் அச்சானதல்ல, கணினியில் பதிந்தது என்று அர்த்தம். அடிப்பக்கம் வெள்ளியாக இல்லாமல் நீலமும் பச்சையும் கலந்த நிறம். மேலே ஒட்டியிருந்த தாளின் ஓரம் நகத்தால் தொட்டதும் எழும்பியது. அட்டை பார்வைக்கு அழகுதான், ஆனால் பார்கோட்டின் கோடுகள் ஒன்றோடு ஒன்று ஊறிப்போய் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, 1991 என்று போட்ட அட்டையின் அடியில் ஓர் இணையத்தள முகவரி. 1991இல் எந்தப் பாட்டுக் கடைக்கு இணையத்தளம் இருந்தது?

பாட்டு இன்னும் மோசம். வயலின்கள் மேலே ஏறும் இடங்களில் ஒலி மங்கி, தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் கேட்டது. கசற்றில் இல்லை என்று சொன்ன அந்தப் பாட்டு, வானொலியிலிருந்து பிடித்தது. கடைசி இசை அடங்கும்போது ஓர் அறிவிப்பாளரின் "வண..." என்ற குரல் தொடங்கி அப்படியே அறுந்தது. மாமா பிளேயரை நிறுத்திவிட்டு ஒன்றும் பேசவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

விற்றவனுக்குப் போன் எடுத்தேன். அவன் பதறவே இல்லை. "வெளிநாட்டு வெளியீடு அப்பிடித்தான் அண்ணை. இஞ்ச வாறதும் அங்க வாறதும் ஒண்டா இராது. உங்களுக்குப் பழக்கமில்லை" என்றான். இந்தப் பதிலுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உள்நாட்டு வெளியீடும் வெளிநாட்டு வெளியீடும் வேறுபடும் என்பது உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் அவன் ஆட்களின் வாயை அடைக்கிறான். ஆகவே எது வேறுபடும், எது வேறுபடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பாடல்களின் எண்ணிக்கையும் வரிசையும் வேறுபடும். பீட்டில்ஸ் என்ற ஆங்கில இசைக்குழுவின் 'ரப்பர் சோல்' ஆல்பம் 1965இல் இங்கிலாந்தில் 14 பாடல்களோடு வந்தது. அமெரிக்காவில் கப்பிட்டல் நிறுவனம் வெளியிட்டதில் 12தான், முதல் பாட்டே வேறு. அடுத்த ஆண்டு வந்த 'ரிவோல்வர்' இங்கிலாந்தில் 14, அமெரிக்காவில் 11. மிச்சம் பிடித்த பாடல்களையும் தனி இசைத்தட்டாக வந்தவற்றையும் சேர்த்து அமெரிக்காவில் இன்னோர் ஆல்பம் போட்டுவிடுவார்கள். 1987இல் சீடியாக வந்தபோதுதான் பெரும்பாலும் இங்கிலாந்து வரிசையே எல்லா நாட்டுக்கும் பொதுவானது.

ஜப்பானில் காரணம் வேறு. அங்கே சீடியின் விலையை வெளியிடுகிற நிறுவனமே நிர்ணயிக்கலாம், கடைக்காரர் குறைத்து விற்க முடியாது. அதனால் உள்நாட்டுச் சீடியைவிட இறக்குமதிச் சீடி மலிவாகிவிடும். சனம் அதை வாங்கிவிடாமல் இருக்க, ஜப்பான் பதிப்பில் ஒன்றிரண்டு பாடல்களைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். பக்கவாட்டில் ஜப்பானிய எழுத்தில் ஒரு தாள் பட்டியும் சுற்றியிருக்கும். சேகரிக்கிறவர்கள் அந்தப் பட்டிக்கே தனி விலை கொடுப்பார்கள்.

எங்கள் தமிழ்ப் படப் பாடல்களில் கதை இன்னொன்று. எண்பதுகளில் ஊரில் விற்றது இசைத்தட்டும் கசற்றும். சீடி பிளேயர் இருந்த வீடுகள் அதிகம் வெளிநாட்டில். ஒரு படத்தின் ஐந்து பாடல்கள் இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், சீடியிலோ 74 நிமிடம் கொள்ளும். ஆகவே இரண்டு மூன்று படங்களை ஒரே சீடியில் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. இரண்டு படம் என்று அவன் சொன்னதில் எனக்குச் சந்தேகம் வராததற்கு இதுதான் காரணம். அது நடக்கக்கூடிய விஷயம்.

ஆனால் தொழிற்சாலையில் அச்சான சீடி எந்த நாட்டில் வந்தாலும் தொழிற்சாலைச் சீடிதான். அடிப்பக்கம் வெள்ளி நிறம். நடு ஓட்டையைச் சுற்றி உள்வட்டத்தில் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். பட்டியல் இலக்கமோ (வெளியிட்ட நிறுவனம் அந்தச் சீடிக்குக் கொடுத்த எண்) அதை ஒட்டிய ஒன்றோ அங்கே இருக்கும், அட்டையில் உள்ளதோடு ஒப்பிடலாம். எந்தத் தொழிற்சாலையில் அச்சானது என்று காட்டும் ஐஎஃப்பிஐ (IFPI) என்ற குறியீடு 1994இல்தான் வந்தது, ஆகவே அதற்கு முந்தைய சீடியில் அது இல்லையென்றால் போலி என்று முடிவுகட்டக் கூடாது. 1991 என்று சொல்லி விற்கும் சீடியில் அது இருந்தால், குறைந்தது பிந்தி அச்சானது என்று தெரியும்.

மச்சானின் மகன் மடிக்கணினியில் அடாசிட்டி என்ற இலவச மென்பொருளைப் போட்டு ஒலியின் அலைவரிசைப் படத்தைக் காட்டினான். சீடியில் 22 கிலோஹேர்ட்ஸ் வரை ஒலிக்கு இடம் இருக்கிறது. எங்களுடையதில் பாட்டுக்குப் பாட்டு 16இல் கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோடு. குறைந்த தரத்து எம்பி3 கோப்பைச் சீடியில் ஏற்றினால் இப்படித்தான் வரும். பழைய பதிவுகளில் உயர்ந்த ஒலி இயல்பாகவே குறைவாக இருக்கலாம், ஆனால் அது படிப்படியாக மங்கும், இப்படி நேராக அறுந்து நிற்காது.

ஆகவே வாங்க முதல் சீடியின் அடிப்பக்கத்தையும் உள்வட்டத்தையும் தெளிவாகப் படம் கேளுங்கள். சீல் உடைக்க முடியாது என்றால் பின் அட்டையையாவது கேளுங்கள், சீலுக்கு மேலாலேயே எடுக்கலாம். அதற்கும் மறுத்தால் விட்டுவிடுங்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ உறவினர் இருந்தால் அங்கேயே பழைய சீடி விற்கும் கடையில் கையால் பார்த்து வாங்கி, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்துவிடச் சொல்வது எவ்வளவோ மேல்.

காசு திரும்ப வரவில்லை. என் இலக்கத்தை அவன் தடுத்துவிட்டான். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். இதே போல ஏமாந்தவர்கள் நீங்களும் கொடுங்கள், கூரியர் பற்றுச்சீட்டையும் உரையாடல் படங்களையும் அழிக்காமல் வையுங்கள். பக்கத்தின் பெயரை மாற்றிவிட்டான், ஆனால் அட்டைப் படம் அதேதான். வலது மேல் மூலையில் பிளாஸ்டிக் பெட்டி வெடித்த ஒரு கோடு தெரியும். அந்தப் படத்தோடு 'லண்டன் வெளியீடு' என்று யார் போட்டாலும் காசு அனுப்பாதீர்கள்.