லாரி டிரம் உலை, தண்டவாளப் பட்டறைக்கல்: நான்கு வருஷப் புழக்கம்

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழைய லாரி பிரேக் டிரம்மை உலையாக்கி நான்கு வருஷம் ஆகிறது. தோட்டத்துக் களைக்கொத்து, கதிர் அரிவாள், கடப்பாரை முனை எல்லாம் இதில்தான் அடிக்கிறேன்.

டிரம்மின் நடு ஓட்டையில் துளை போட்ட கனத்த தகடு. அடியில் 2 அங்குல 'T' வடிவக் குழாய். ஒரு வாயில் புளோயர், கீழ்வாயில் சாம்பல் தட்ட மூடி. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் கிளம்பும் அந்தப் புகை மூச்சில் போனால் காய்ச்சலே வரும்.

முதல் வருஷம் கரி வாங்கிக் கட்டவில்லை. டிரம் அவ்வளவு ஆழம். களிமண்ணில் சாம்பல் பிசைந்து உள்ளே பூசி, குழியைச் சின்னச் சட்டி அளவுக்குச் சுருக்கியபின், அதே வேலைக்குப் பாதிக் கரிதான் ஆகிறது. எரிப்பது சீமைக்கருவேலக் கரி. வெடித்துப் பொறி பறக்கும், கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகக் கூடாது.

என்னை அதிகம் படுத்தியது காற்றுதான். மின்சார புளோயர் இந்தச் சின்னக் குழிக்கு மிஞ்சிய வேகம். ஒருநாள் அரிவாள் முனை வெள்ளையாகி மத்தாப்பு மாதிரி பொறி விட்டது. பார்க்க வந்திருந்த ஆசாரி, "தம்பி, பூப்பூக்குது, எடு எடு" என்று கத்தினார். எடுத்தபோது விளிம்பு பொரிந்து, அரித்த மரம்போல இருந்தது. கருகிய எஃகு திரும்பாது. அவ்வளவையும் வெட்டிப் போட்டேன். மறுநாளே குழாயில் ஒரு பிளவு போட்டு, முன்னும் பின்னும் நகரும் தகரத் துண்டு சொருகினேன். இன்றுவரை அதுதான் காற்றை ஆள்கிறது.

பட்டறைக்கல்லுக்கு ஒன்றரை அடித் தண்டவாளம், மீட்டருக்கு 52 கிலோ ரகம். துண்டு ஏறக்குறைய 24 கிலோ. ரசீதோடு வாங்குங்கள்: திருட்டுத் தண்டவாளம் கையில் இருந்தால் 1966-ஆம் வருஷத்து ரயில்வே சொத்துச் சட்டம் பாயும். இரண்டு வருஷம் படுக்கவைத்து அடித்தேன். தண்டவாளத்தின் நடுத்தகடு மெலிசு என்பதால் கல் துள்ளும், காது அடைக்கும், அடி பாதி வீணாகும். பிறகு புளியங்கட்டையில் குழி தோண்டிச் செங்குத்தாக நட்டேன். அடிக்கும் முகம் சிறிதுதான், ஆனால் மொத்தக் கனமும் சுத்தியலுக்கு நேர் கீழே. மூன்று சூட்டில் நீண்ட பட்டை இரண்டு சூட்டில் நீள்கிறது. இதை முதல்நாளே செய்திருக்க வேண்டும்.

எஃகுக்கு லாரி கமான் (ஸ்பிரிங்) பட்டை. சூடாக இருக்கும்போதே தண்ணீரில் முக்கித் தோய்ச்சல் கொடுத்த முதல் கத்தி 'டிக்' என்று விரிசல் விட்டது. இப்போது இளஞ்சூட்டுக் கடலை எண்ணெய்தான். சூடு பார்க்கக் காந்தம்: 770 டிகிரி வாக்கில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும், அதற்குச் சற்று மேலே ஏற்றித் தோய்க்கிறேன். வெயிலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாததால் அந்த வேலையைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

நீள அரிவாளுக்கு மட்டும் இந்த உலை சரிப்படவில்லை. டிரம் விளிம்பு தடுப்பதால் நடுப்பகுதி நெருப்பில் இறங்காது. இரண்டு பக்கமும் விளிம்பைக் கிரைண்டரில் வெட்டி வழிவிட வேண்டும். அதுவரை அந்த வேலை ஆசாரி பட்டறைக்குத்தான் போகிறது.