ஓனோஸ் கன்ட்ரோலர்: கமாண்ட் லைனா, பிரவுசரா, ரெஸ்ட்டா?

ஓனோஸ் ஒரு எஸ்டிஎன் கன்ட்ரோலர், அதாவது நெட்வொர்க் சுவிட்ச்களை ஒரே இடத்திலிருந்து ஆட்டுவிக்கும் மென்பொருள். அதை ஓட்ட மூன்று வழி இருக்கிறது. 8101 போர்ட்டில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) போட்டு நுழையும் கமாண்ட் லைன், 8181-இல் திறக்கும் பிரவுசர் பக்கம், அதே 8181-இல் ரெஸ்ட் ஏபிஐ (ஸ்கிரிப்ட்கள் வெப் கோரிக்கை அனுப்பிப் பேசும் வழி). என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோளாறு என்று வந்துவிட்டால் கமாண்ட் லைன்தான், மற்ற இரண்டும் அப்புறம்.

பிரவுசரைக் குறை சொல்லவில்லை. எந்த சுவிட்ச் எதோடு இணைந்திருக்கிறது என்று படமாகப் பார்க்க அதை விட்டால் வேறு வழி கிடையாது, மேலதிகாரிக்குக் காட்டவும் நன்றாக இருக்கும். ஆனால் புதிதாக வருபவர்கள் "ஹோஸ்ட் (சுவிட்சோடு இணைந்த மெஷின்) ஒன்றையும் காணோமே" என்று திகைப்பார்கள். எச் கீயை அழுத்தினால்தான் அவை தெரியும், அதுவும் அந்த மெஷின் ஒரு ஏஆர்பியாவது (இன்னொரு மெஷினின் மேக் முகவரியைக் கேட்கும் செய்தி) அனுப்பி கன்ட்ரோலர் கண்ணில் பட்டிருந்தால்.

இப்போது பிங் (இரண்டு மெஷினுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் சோதனை) போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். கமாண்ட் லைனில் 'டிவைசஸ்' அடித்தால் சுவிட்ச் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து 'ஆப்ஸ் -ஏ -எஸ்', இயக்கத்தில் உள்ள ஆப்களின் பட்டியல்: ஃபார்வர்டிங் ஆப் இயக்கத்தில் இல்லையென்றால், ரூல் (எந்த பாக்கெட்டை என்ன செய்வது என்று சுவிட்சுக்குச் சொல்லும் விதி, ஃப்ளோ என்பதும் இதுதான்) போட வேறு யாரும் இல்லாத நெட்வொர்க்கில், சுவிட்ச் எல்லாம் ஒழுங்காக இணைந்திருந்தும் பிங் போகாது. அதுவும் சரி என்றால் 'ஃப்ளோஸ்'. உண்மையான விசாரணை இங்கேதான். ரூலின் நிலை 'பெண்டிங் ஆட்' என்றே நின்றால், கன்ட்ரோலர் அனுப்பியும் சுவிட்ச் இன்னும் உறுதி செய்யவில்லை. 'ஆடட்' என்று வந்தும் பாக்கெட் எண்ணிக்கை 0-இலேயே கிடந்தால், செலக்டரில் (எந்த பாக்கெட்டுக்கு ரூல் பொருந்தும் என்ற நிபந்தனை) போர்ட்டையோ மேக் முகவரியையோ தப்பாகக் கொடுத்திருக்கலாம், அல்லது அதிக பிரையாரிட்டி உள்ள வேறொரு ரூல் பாக்கெட்டை முன்பே பிடித்துக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான வரி வந்தாலும் பைப் போட்டு கிரெப்பில் வடிகட்டலாம், பக்கத்து விண்டோவில் கன்ட்ரோலரின் பதிவுகளை உடனுக்குடன் காட்டும் 'லாக்:டெயில்' ஓடிக்கொண்டிருக்கட்டும்.

ஆபத்தும் இங்கேதான் அதிகம். 'வைப்-அவுட்' என்ற கட்டளை கன்ட்ரோலர் சேர்த்து வைத்த டிவைஸ், ஹோஸ்ட், ஃப்ளோ எல்லாவற்றையும் துடைத்துவிடும். கூடவே 'பிளீஸ்' என்று அடித்தால்தான் வேலை செய்யும் (கேலி இல்லை, நிஜமாகவே).

ரெஸ்ட் எதற்கு? ஒரே மாற்றத்தைப் பல சுவிட்ச்களில் செய்ய. கமாண்ட் லைன் திரையில் வருவதை ஸ்கிரிப்ட்டில் வெட்டி ஒட்டிப் பிழைப்பு நடத்துபவர்கள் உண்டு. வெர்ஷன் மாறி வரியின் வடிவம் மாறினால் எல்லாம் படுத்துவிடும். குறைந்தபட்சம் கட்டளையோடு '-ஜே' போட்டு ஜேசனாக (ஸ்கிரிப்ட் எளிதில் படிக்கும் வடிவம்) வாங்குங்கள். ஃப்ளோ ரூலை நாமே எழுதி அனுப்ப ரெஸ்ட்தான் வசதி. ஆனால் 201 என்று பதில் வந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். கன்ட்ரோலர் வாங்கிக்கொண்டது என்றுதான் அதற்கு அர்த்தம், சுவிட்சில் ஏறியதா என்பதை 'ஃப்ளோஸ்' போட்டுத்தான் பார்க்க வேண்டும்.