கிழக்கு ஃபிரிசியன் எது? சாட்டர்லாந்து மொழியும் அதன் உறவுகளும்

ஃபிரிசியன் என்பது வடகடல் ஓரத்து ஜெர்மானிய மொழிகளின் சிறு குழு: நெதர்லாந்தில் மேற்கு, ஜெர்மனியில் கிழக்கும் வடக்கும். இதில் கிழக்குக்குப் பெயரே முதல் வில்லங்கம். ஜெர்மனியின் வடமேற்கில் எம்டன், அவுரிக் ஊர்க்காரர்கள் தம் பேச்சைக் கிழக்கு ஃபிரிசியன் என்பார்கள். அது உண்மையில் 'பிளாட்' எனும் கீழ் ஜெர்மன் (Low German), ஃபிரிசியன் அல்ல. அங்கே பழைய ஃபிரிசியனின் இடத்தை 15ஆம் நூற்றாண்டிலிருந்து கீழ் ஜெர்மன் பிடித்துக்கொண்டது. அசல் கிழக்கு ஃபிரிசியன் பிழைத்திருப்பது அந்த வட்டாரத்துக்கு வெளியே, தெற்கே குளோப்பன்பர்க் மாவட்டத்துச் சாட்டர்லாந்தில். கடற்கரையிலிருந்து வந்து குடியேறியவர்களைச் சுற்றிலும் சதுப்பு நிலம். போதாக்குறைக்கு, வடக்கே புராட்டஸ்டண்டுகள், இவர்கள் கத்தோலிக்கர்கள். இப்படி ஒதுங்கி இருந்ததால் மொழி தப்பியது. இப்போது பேசுவோர் ஏறக்குறைய 2,000 பேர்.

பிளாட்டா, ஃபிரிசியனா என்று பிரிப்பது சுலபம். தேவாலயம் பிளாட்டில் 'கார்க்', சாட்டர்லாந்தில் 'ஸேர்கெ'. பாலாடைக்கட்டி அங்கே 'கேஸ்', இங்கே 'ஸீஸ்'. இ, எ போன்ற உயிர்களுக்கு முன் ககரம் திரிந்திருந்தால் அது ஃபிரிசியன். கன்னடத்தின் 'கிவி' தமிழில் 'செவி' ஆன அதே போக்குதான். நெதர்லாந்தின் மேற்கு ஃபிரிசியனிலும் 'ட்செர்கெ', 'ட்சீஸ்'. வடக்கு ஃபிரிசியனின் ஃபோர் தீவுப் பேச்சிலும் 'ஸார்க்'.

ஆகவே மூன்று ஃபிரிசியன்களையும் தம்முள் பிரிக்க இந்தச் சோதனை உதவாது. சொற்களை நம்பினாலும் ஏமாறுவோம். சாட்டர்லாந்தில் சிறுமியை 'வுக்ட்' என்பார்கள். கீழ் ஜெர்மனின் 'விக்ட்' பக்கத்திலேயே நிற்கிறது. மேற்கில் டச்சுச் சொற்கள், வடக்கில் டேனிஷ் சொற்கள். அண்டை வீட்டிலிருந்து வாங்கியதை வைத்து வம்சம் சொல்ல முடியாது.

நான் நம்புவது பெயர்ச்சொற்களின் ஆண்பால், பெண்பால் பகுப்பை. சாட்டர்லாந்தில் ஆண், பெண், அஃறிணை மூன்றுக்கும் 'டீ', 'யு', 'டெட்' என்று தனித்தனிச் சுட்டு (ஆங்கிலத்தின் 'the' போன்றது). மேற்கு ஃபிரிசியனில் 'டெ', 'இட்' இரண்டே. வடக்கில்தான் சிக்கல்: நிலப்பகுதியின் மூரிங் பேச்சில் மூன்று, ஃபோர் தீவில் இரண்டு. வடக்கு ஃபிரிசியன் ஒரு மொழி என்பதே கொஞ்சம் தாராளமான கணக்கு. ஹெல்கோலாந்துத் தீவுக்காரரும் நிலப்பகுதிக்காரரும் அவரவர் பேச்சில் பேசினால் எளிதில் புரியாது. சாட்டர்லாந்தையும் ஃபிரிசியனின் 'வட்டார வழக்கு' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. அது தனி மொழி.

அந்தஸ்தில் ஒப்பீடே இல்லை. மேற்கு ஃபிரிசியனுக்குச் சில லட்சம் பேர், அரசு அங்கீகாரம். வடக்குக்குப் பத்தாயிரம் பேர்கூட இல்லை. சாட்டர்லாந்துக்கு அமெரிக்க மொழியியலாளர் மாரன் ஃபோர்ட் 1980இல் கொடுத்த அகராதி பெரிய ஊன்றுகோல்.

அச்சிட்ட பக்கம் கையில் இருந்தால் ஒரு குறுக்குவழியும் உண்டு. ஃபோர்ட்டின் எழுத்துமுறையில் ஜெர்மனைப் போலப் பெயர்ச்சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்கும். மேற்கிலும் மூரிங்கிலும் அப்படி இல்லை. ஹெல்கோலாந்தில் மட்டும் அப்படி எழுதுவார்கள் என்பதால், பெரிய எழுத்தைக் கண்டதும் முடிவுகட்டாமல் பெண்பால் சுட்டான 'யு' இருக்கிறதா என்று பாருங்கள்.