ஹாலுசினோஜென்: ‘ட்விஸ்டட்’ கேட்பதா, ‘தி லோன் டிரேஞ்சர்’ கேட்பதா?

கோவா கடற்கரை விருந்துகளில் வேர்விட்ட ட்ரான்ஸ் எனும் மின்னணு நடன இசைக்கு லண்டனிலிருந்து உருவம் கொடுத்தவர்களில் சைமன் போஸ்ஃபோர்ட் முக்கியமானவர். ஹாலுசினோஜென் என்ற பெயரில் அவர் தந்த முதல் ஆல்பம் ‘ட்விஸ்டட்’ (1995), அடுத்தது ‘தி லோன் டிரேஞ்சர்’ (1997).

‘ட்விஸ்டட்’டின் உயிர் ‘எல்எஸ்டி’ என்ற டிராக்தான். அதன் ஆசிட் இழை (சின்தசைசரில் எழும் நெளியும் ஒலி) ஒரே இசைத்துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒலியை வடிகட்டும் ஃபில்டர் கொஞ்சம் திறக்க, அதே சுரங்கள் கூர்மையாகி, கடைசியில் அலறுகின்றன. மெட்டு மனதில் ஒட்டிக்கொள்கிறது. குறை என்றால், சில டிராக்குகள் தேவைக்கு மேல் நீள்கின்றன. கிக் எனும் டிரம் அடியும் பேஸ் எனும் அடிநாதமும் இன்றைய காதுக்கு மெலிசு.

ஒலித்தரத்தில் ‘டிரேஞ்சர்’ ஒரு படி மேலே. அதில் வரும் ‘காமா காப்லின்ஸ்’ டிராக்கை ஹெட்போனில் கேளுங்கள்: சின்னச் சின்ன ஒலிகள் இடமும் வலமும் தாவும், எதுவும் எதையும் மறைக்காது. அப்புறம் என்ன குறை? நுணுக்கம் கூடிய அளவுக்கு மெட்டு குறைந்துவிட்டது. வியக்கலாம், முணுமுணுக்க முடியாது.

ஒலிப்பதிவில் ஆர்வம் உள்ளவர்கள் ‘டிரேஞ்சர்’ பக்கம் போகலாம். முதல்முறை கேட்பவர்களுக்கு என் கை ‘ட்விஸ்டட்’டைத்தான் நீட்டும். அதையும் நடுவில் நிறுத்தாமல், முழுசாகக் கேளுங்கள்.